ஐந்தாவது எழுத்து: ஒன்டாரியோ பள்ளிகளில் தொழிற்கல்வியும் பல்கலைக்கழகப் பாதையும்

கல்லூரி என்ற சொல்லைப் போல ஒன்டாரியோவில் தமிழ்ப் பெற்றோரைக் குழப்புகிற சொல் வேறு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளி முடிந்து பட்டம் வாங்கப் போகும் இடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கோ யாழ் இந்துக் கல்லூரியும் ஹாட்லிக் கல்லூரியும் பள்ளிக்கூடங்கள். ஒன்டாரியோவில் இரண்டு பொருளும் செல்லாது. 1965-ல் அன்றைய கல்வி அமைச்சர் வில்லியம் டேவிஸ் கொண்டுவந்த சட்டத்தால் உருவான, பெரும்பாலும் தொழில் சார்ந்த டிப்ளமோக்களை வழங்கும் நிறுவனங்களுக்குத்தான் இங்கே காலேஜ் என்று பெயர். அவற்றில் முதலாவதான சென்டேனியல் கல்லூரி, பின்னாளில் நம்மவர்கள் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோவில் 1966-ல் தொடங்கியது. ஆகவே பதினோராம் வகுப்புப் பாடப்பட்டியலில் 'கல்லூரி ஆயத்தம்' என்று போட்டிருந்தால், 'இது பல்கலைக்கழகத்துக்கான பாடம் இல்லை' என்று அதற்குப் பொருள். அமெரிக்காவில் இதே சொற்றொடருக்குப் பொருள் ஏறக்குறைய நேரெதிர். பிள்ளை கல்லூரிக்குத்தானே தயாராகிறான் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடும் பெற்றோர், தாம் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பதைச் சில சமயம் இரண்டு வருடம் கழித்தே அறிகிறார்கள்.

இந்தப் பிரச்சினையை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் தொடங்கி, ஒன்பதிலோ பத்திலோ ஒரு தொழில்நுட்பப் பாடமாவது எடுத்துத் தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ் என்று மாகாண அரசு விதித்திருக்கிறது. 2025 செப்டம்பரில், சுருக்கமாக ஃபாஸ்ட் என்று அழைக்கப்படும் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம் தொடங்கியது. இதில் சேரும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பதினொரு பாட அலகுகள் வரை, அதாவது அந்த இரண்டு ஆண்டுப் பாடங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை, வேலைத்தளத்தில் பயிற்சியாகவே முடிக்கலாம். கட்டுமானத் துறையில் ஆள் பற்றாக்குறை, மூத்த தொழிலாளர்கள் ஓய்வு பெறுகிறார்கள், வீடுகள் கட்ட வேண்டும் என்பவை அரசு சொல்லும் காரணங்கள். அவற்றை மறுப்பதற்கில்லை.

நம் சமூகத்தில் இதற்கு இரண்டு விதமான எதிரொலிகள். 'அதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு இல்லை' என்பது முதலாவது. 'பிளம்பர் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் காசை எஞ்சினியர் வாங்குவதில்லை, படித்து என்ன கண்டோம்' என்பது இரண்டாவது. இரண்டாவதைச் சொல்பவர்களும் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையை நினைத்துத்தான் சொல்கிறார்கள். எந்தப் பாதை உயர்ந்தது என்று விவாதிப்பதைவிட முக்கியமான மூன்று கேள்விகளை இரு தரப்பும் கேட்பதில்லை. பாதையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எந்த வயதில்? தவறிப்போனால் திரும்பி வர வழி உண்டா?

*

ஒன்டாரியோ உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. முதல் மூன்று எழுத்துகள் பாடத்தைக் குறிக்கும். நான்காவது, வகுப்பு. ஐந்தாவதுதான் மாணவர் போகும் திசையைச் சொல்வது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் 'யு' என்றால் பல்கலைக்கழகம். 'எம்' என்றால் பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்கும். 'சி' என்றால் கல்லூரி. 'ஈ' என்றால் நேரே வேலைக்கு. 'ஓ' என்றால் எல்லோருக்கும் பொது. பத்தாம் வகுப்பில் 'டி' என்பது ஏட்டுக்கல்வி சார்ந்த அகாடமிக் பிரிவு, 'பி' என்பது செய்முறை சார்ந்த அப்ளைடு பிரிவு.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்நிபந்தனைப் பாடங்கள் உண்டு. அவற்றை அம்புக்குறிகளால் இணைத்து ஒரு படமாக வரையலாம், பள்ளிகளே வரைந்தும் கொடுக்கின்றன. அந்தப் படத்தில் கணிதத்தை மட்டும் பார்த்தால் போதும். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் உயர் சார்புகளும் நுண்கணிதமும் வேண்டும். அதற்கு நேர்வழி பதினோராம் வகுப்பின் 'யு' கணிதம். அதற்குப் பத்தாம் வகுப்பின் 'டி' கணிதம் கட்டாயம். பத்தில் 'பி' எடுத்தவருக்கு ஒரு சுற்றுவழி உண்டு: பதினொன்றில் 'எம்', பிறகு கல்லூரித் தொழில்நுட்பக் கணிதம், பிறகு உயர் சார்புகள். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் வேண்டும். எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் இல்லை. 'யு' பாடங்கள் எடுத்த மாணவர் எப்போது வேண்டுமானாலும் கல்லூரிக்கோ கைத்தொழிலுக்கோ போகலாம். ஒரு பக்கம் அகலமான கதவு, மறுபக்கம் ஊசிவாய். அமைப்பின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்பது என் கருத்து.

2022 வரை இந்தப் பிரிவு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியது. அதாவது எட்டாம் வகுப்புக் குளிர்காலத்தில், பதின்மூன்று வயதில், ஒரு படிவத்தை நிரப்புவதில். ஒன்பதில் அப்ளைடு கணிதம் படித்தவர் பத்தில் அகாடமிக் கணிதத்துக்கு மாற வேண்டுமானால் இடையில் தனியாக ஒரு இணைப்புப் பாடமோ, ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தை மறுபடியுமோ படிக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுப் பையன் எதற்கு லாயக்கு என்று அவனுடைய அம்மாவுக்கே தெரியாது.

*

இந்த வழக்கு ஒன்டாரியோவுக்குப் புதிதில்லை. 1960-ன் இறுதியில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, தொழிற்கல்விக் கூடங்கள் கட்டும் செலவில் 75 சதவீதத்தைத் தானே ஏற்பதாக அறிவித்தது. அந்தப் பணத்தை ஒன்டாரியோ தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது. 1962-ல் வந்த ராபர்ட்ஸ் திட்டம் பள்ளியைக் கலை-அறிவியல், வணிகம், தொழில்நுட்பம் என்று மூன்று கிளைகளாகப் பிரித்தது. ஐந்தாண்டுப் படிப்பு பல்கலைக்கழகத்துக்கு, நான்காண்டுப் படிப்பு வேலைக்கு. மூன்றும் சமம் என்றுதான் காகிதத்தில் இருந்தது. ஆனால் யார் எங்கே போனார்கள் என்பது வெகு சீக்கிரம் தெரிந்துவிட்டது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டொராண்டோ நகர மையத்தின் ஏழைத் தாய்மார்கள், எங்கள் பிள்ளைகளை ஏன் குறைந்த வகுப்புகளுக்கே அனுப்புகிறீர்கள் என்று கல்வி வாரியத்திடம் முறையிட்டார்கள். இத்தாலிய, போர்ச்சுகீசியக் குடும்பங்களுக்கும் அதே குறை இருந்தது.

1987-ல் ஜார்ஜ் ராட்வான்ஸ்கியின் அறிக்கை பிரிவுகளையே ஒழிக்கச் சொன்னது. 1992-ல் யங் தெருக் கலவரத்துக்குப் பின் ஸ்டீபன் லூயிஸ் அளித்த அறிக்கை, கறுப்பின மாணவர்கள் தாழ்ந்த பிரிவுகளுக்குத் தள்ளப்படுவதைச் சுட்டியது. 1993-ல் பாப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு ஒன்பதாம் வகுப்பில் பிரிவுகளை நீக்கியது. 1999-ல் மைக் ஹாரிஸின் கன்சர்வேடிவ் அரசு அகாடமிக், அப்ளைடு என்ற புதிய பெயர்களில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் டக் ஃபோர்டின் கன்சர்வேடிவ் அரசு மறுபடி நீக்குவதாக அறிவித்து, 2021-ல் கணிதத்திலும் 2022-ல் மற்ற முக்கியப் பாடங்களிலும் ஒன்பதாம் வகுப்பை ஒன்றாக்கியது. பத்தாம் வகுப்பை அந்த மாற்றம் தொடவில்லை. ஒரே திருத்தத்தைப் போட்டு, எடுத்து, மீண்டும் போட்டு முப்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

2020-ல் ஒரு வலதுசாரி அரசையே மாற வைத்தவை எண்கள். யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, டொராண்டோ கல்வி வாரியத்தில் வெள்ளை மாணவர்களில் 81 சதவீதமும், கறுப்பினத்தவர் அல்லாத பிற நிறத்தவரில் 80 சதவீதமும் அகாடமிக் பிரிவில் இருந்தார்கள். கறுப்பின மாணவர்களில் 53 சதவீதம் மட்டுமே. மாகாணம் நடத்தும் ஒன்பதாம் வகுப்புக் கணிதத் தேர்வில் 2018-19-ல் அகாடமிக் மாணவர்களில் 84 சதவீதம் பேர் தரத்தை எட்டினார்கள். அப்ளைடு மாணவர்களில் 44 சதவீதம்.

கணிதம் வராதவர்கள்தான் அப்ளைடுக்குப் போகிறார்கள், மதிப்பெண் குறைவதில் வியப்பென்ன என்று கேட்கலாம். ஓரளவு சரி. ஆனால் நகரத்தில் ஒரு நிறத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அத்தனை பெரிய அளவில் கணிதம் வராமல் போகும் என்று நம்ப நான் தயாரில்லை. எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பெரிய வகுப்பில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டுக் கூடுதல் ஆசிரியரும் உதவியும் தராவிட்டால், பின்தங்கிய மாணவர் பின்தங்கியே இருப்பார் என்கிறார்கள் ஆசிரியர்கள். பெயர்ப்பலகையை எடுப்பது எளிது, உதவியைக் கொடுப்பது செலவு. அரசுகள் முதலாவதை விரும்புவதற்குக் காரணம் அதுவே.

அந்த 80 சதவீதத்துக்குள் நாமும் இருக்கிறோம். நம்மை அதிகம் பாதிக்காத காரணத்தால் இந்த விவாதம் முப்பது வருடம் நடந்தபோதும் நாம் பெரும்பாலும் பேசாமல் இருந்தோம். சராசரி எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நம் பிள்ளைகளையும் அதனால் மறந்தோம். இரவு வேலைக்குப் போகும் தாய், பெற்றோர் சந்திப்புக்கு வர முடியாத தந்தை, பாதியில் வந்து சேர்ந்து ஆங்கிலம் பிடிபடாத பதினைந்து வயதுப் பிள்ளை, இவர்களும் ஸ்கார்பரோவில் இருக்கிறார்கள்.

*

கைத்தொழில் என்றதும் தமிழர்கள் ஏன் இத்தனை பதறுகிறோம்? அதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒன்று, நியாயமான சந்தேகம். 1953-ல் ராஜாஜி சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது. உழைப்பின் மரியாதை, பள்ளிகளின் இடநெருக்கடி என்று அதற்கும் நல்ல காரணங்களே சொல்லப்பட்டன. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வி என்று ஒரே சொல்லில் அடையாளம் காட்டினார்கள். பெற்றோரின் தொழில் சாதியால் தீர்மானிக்கப்பட்ட நாட்டில், பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள் என்பதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இலங்கைத் தமிழருக்கு வேறு நினைவு. 1971-ல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியலுக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழி மாணவருக்கு 250 புள்ளிகளும் தேவைப்பட்டன. பல்கலைக்கழக வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு தலைமுறைக்கு, அந்த வாசல் படிப்பைக் காட்டிலும் பெரிய பொருள் உடையதாகிவிட்டது. இப்படிப்பட்ட வரலாறு உடையவர்களிடம் 'உங்கள் பிள்ளைக்குக் கைவேலை நன்றாக வரும்' என்று ஒரு வழிகாட்டி ஆசிரியர் சொன்னால், அவர்கள் சந்தேகப்படுவது சரியே.

மற்றொன்று, நியாயமில்லாத இளக்காரம். தச்சரும் கொல்லரும் கொத்தனாரும் நம் ஊரில் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கையால் வேலை செய்பவன் கீழ், காகிதத்தில் வேலை செய்பவன் மேல் என்ற எண்ணத்தைக் கல்வி மீதான ஆசை என்று சொல்லி மறைத்துக்கொள்கிறோம். குளிர்காலத்தில் வீட்டு உலை நின்றுபோனால் நள்ளிரவில் வருகிறவரிடம் காட்டும் பணிவு, அவர் வீட்டில் சம்பந்தம் பேசும்போது இருப்பதில்லை. விமானத்தில் ஏறிய சாதி இறங்கும்போது காணாமல் போய்விடவில்லை.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு இளக்காரத்தை விட முடியுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி. நடைமுறையில் நாம் செய்வது தலைகீழ். நம் பிள்ளைகள் விஷயத்தில் இளக்காரம், அடுத்தவர் பிள்ளைகள் தள்ளப்படும்போது சந்தேகம்கூட இல்லை.

*

கைத்தொழில் என்பது படிக்க வராதவர்களுக்கான புகலிடம் என்ற எண்ணம் உண்மையிலேயே தவறு. ஒன்டாரியோவில் கட்டுமான எலக்ட்ரீஷியன் ஆக வேலைத்தளப் பயிற்சியும் வகுப்பும் சேர்த்து 9,000 மணி நேரம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். கடைசியில் தகுதித் தேர்வு, தேற 70 சதவீதம் வேண்டும். மாறுமின்னோட்டத்தைப் புரிந்துகொள்ள முக்கோணவியல் தெரிய வேண்டும். சட்டவிதிப் புத்தகத்தைப் படித்துப் பொருள் கொள்ள மொழி தெரிய வேண்டும். பள்ளியில் கணிதத்தைக் குறைத்துக் கொடுத்து, 'நீ கைவேலைக்குப் போகிறவன்தானே' என்று அனுப்பப்பட்டவர் அந்தத் தேர்வில்தான் மாட்டிக்கொள்கிறார். நீர்த்துப்போன பாடப்பிரிவு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றி, தான் உதவுவதாகச் சொல்லும் தொழிலுக்குமே தடையாகிறது.

வேலைப் பாதுகாப்பு என்ற கணக்கும் இரு பக்கமும் உதைக்கும். என் துறையில் நார்டெல் நிறுவனம் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியபோது, முதுகலைப் பட்டங்கள் யாரையும் காப்பாற்றவில்லை. அதே மாகாணத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஸ்கார்பரோ வேன் தொழிற்சாலையை 1993-ல் மூடியது. ஓஷாவாவில் 2019 இறுதியில் உற்பத்தியை நிறுத்தி, 2021-ல் மீண்டும் தொடங்கியது. நடுவில் இருக்கும் கல்லூரிகளும் தப்பவில்லை. 2024-ல் வெளிநாட்டு மாணவர் அனுமதியை மத்திய அரசு குறைத்தபின் வருவாய் இழந்து, சென்டேனியல் கல்லூரி மட்டும் ஐம்பதுக்கு நெருக்கமான பாடநெறிகளை நிறுத்திவைத்தது. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் 25 முதல் 64 வயதுக்குள் இருப்பவர்களில் 57.5 சதவீதம் பேர் கல்லூரி அல்லது பல்கலைக்கழகச் சான்றிதழ் பெற்றவர்கள். அந்த விகிதத்தில் ஜி-7 நாடுகளில் இதுவே முதலிடம். அதே நாட்டில் வெளிநாட்டுப் பட்டம் பெற்ற குடியேறிகளில் நான்கில் ஒருவருக்கு மேல், பள்ளிப்படிப்பே போதுமான வேலையில் இருக்கிறார்கள். நம்மில் பலருடைய கதையே அது. இருபது வருடம் கழித்து எந்தத் தொழில் இருக்கும் என்று சொல்லக்கூடியவர் யாருமில்லை. சொல்ல முடியாத காரணத்தால்தான் திரும்பி வரும் வழி முக்கியமாகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் காட்டுவார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது பிழை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதில் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். குடியேறிகளின் பிள்ளைகள் அதில் பட்ட துன்பம் கொஞ்சமில்லை. சுவிட்சர்லாந்தில் கட்டாயப் பள்ளி முடிந்தபின் மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே வங்கி வேலையும் அலுவலக வேலையும்கூட அப்ரண்டிஸ் பயிற்சிதான். யுபிஎஸ் வங்கியின் தலைமை அதிகாரி செர்ஜியோ எர்மோட்டி லுகானோவில் ஒரு வங்கியில் அப்ரண்டிஸாகத் தொடங்கியவர். அதைவிட முக்கியம், 1990-களில் அவர்கள் தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கென்று தனியாக ஒரு மேல்நிலைச் சான்றிதழையும் அதை ஏற்கும் உயர்கல்வி நிறுவனங்களையும் உருவாக்கினார்கள். பதினாறு வயதில் வெல்டிங் கற்கப் போனவர் இருபத்திரண்டில் பொறியியல் படிக்கலாம். இலங்கையும் 2013-ல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கி, அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழி வைத்தது. வழி இருந்தால் பெற்றோரின் பயம் குறைகிறது, பயம் குறைந்தால் பிள்ளை விரும்பியதைப் படிக்கிறது.

*

ஆகவே ஃபாஸ்ட் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. பட்டறையில் கற்க விரும்பும் பிள்ளையை ஐந்து மணி நேரம் பெஞ்சில் கட்டிப்போடுவது கொடுமை. ஆனால் பதினாறு வயதில் பதினொரு அலகுகளையும் பயிற்சியாகவே எடுத்த மாணவரிடம் 'யு' பாடங்களுக்கு இடம் மிஞ்சாது. பத்தொன்பது வயதில் மனம் மாறினால் அவர் எங்கே போவார், செலவை யார் ஏற்பார்கள் என்பதற்குத் திட்டத்திலேயே பதில் இருக்க வேண்டும். எந்தப் பகுதிகளிலிருந்து, எந்தப் பின்னணியிலிருந்து மாணவர்கள் சேர்கிறார்கள் என்ற கணக்கும் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். மார்க்கம், ரோஸ்டேல் போன்ற வசதியான பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் சேர்ந்தால் அது தொழிற்கல்வி. ஜேன்-ஃபின்ச், மால்வர்ன் பகுதிகளிலிருந்து மட்டும் சேர்ந்தால் அது 1962-ன் புதிய பதிப்பு.

வீட்டளவில் செய்யக்கூடியதும் உண்டு. பிள்ளை எந்தத் தொழிலை விரும்பினாலும் பத்தாம் வகுப்பில் 'டி' கணிதத்தை விடாமல் இருப்பது பல கதவுகளைத் திறந்து வைக்கும். அது கடினமாக இருந்தால் பாடத்தை மாற்றும் முன் பள்ளியிடம் கூடுதல் உதவி கேட்க வேண்டும். பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் வழிகாட்டி ஆசிரியரிடம் ஒரே கேள்வி போதும்: இந்தப் பாடத்தை எடுத்தால் எவையெல்லாம் மூடும்? எவை திறக்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே கேட்கலாம் என்ற நிலை வர வேண்டும். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் நூற்றுக்கணக்கில் வாசலில் காத்திருக்கிறார்கள். ஆண்டுவிழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கங்கள், பாடத்தேர்வு நடக்கும் குளிர்காலத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, அந்த ஐந்தாவது எழுத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு கரும்பலகையும் ஒரு மணி நேரமும் போதும்.